பதினான்காம் எண் பச்சை

தூரிகையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்க வைக்கிறவர்களை என்னால் முழுமையாக நம்ப முடிவதில்லை. நின்றபடியே ஊறினால் முனை வளைந்துவிடும். வளைந்த முனை பிறகு எவ்வளவு நீவினாலும் நேராவதில்லை. என் தங்கையின் கணவர் அப்படித்தான் வைப்பார். பன்னிரண்டு ஆண்டுப் பழக்கத்தில் அவர் பாழாக்கிய தூரிகைகள் நாற்பதுக்குக் குறையாது. அதற்காக நான் அவரை ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை. இதை முதலில் சொல்வதற்குக் காரணம், அவர்மீது எனக்குச் சில்லறைக் கோபங்கள் பல இருந்தன என்று நீங்கள் கருதிவிடக் கூடாது என்பதே. இருந்தது ஒன்றுதான்.

அவர் இறந்து இன்றோடு முப்பத்தாறு நாள்கள் ஆகின்றன. உங்கள் கோப்பில் அது விபத்து என்று எழுதப்பட்டிருக்கிறது. தட்டச்சு செய்பவரிடம் ஒரு வேண்டுகோள்: அந்தச் சொல்லை இப்போதே அடித்து நீக்க வேண்டாம். நான் சொல்லி முடித்தபின், எந்தச் சொல் பொருந்தும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

எங்கள் பொழுதுபோக்கைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றீர்கள். கட்டைவிரல் உயரமுள்ள பிளாஸ்டிக் வீரர்கள். வேதாளங்கள், குள்ளர்கள், கொம்பு முளைத்த குதிரைகள். பெட்டியில் வரும்போது அவை உருவங்களாக வருவதில்லை. கை வேறு, கால் வேறு, தலை வேறாக ஒரு சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும். நறுக்கி எடுக்க வேண்டும். அச்சின் இரு பாதிகள் கூடிய இடத்தில் முடிபோல் ஒரு கோடு ஓடும். அதைக் கத்தியின் முதுகால் சுரண்ட வேண்டும். சோப்பு நீரில் கழுவி, ஒட்டி, சாம்பல் நிறத்தில் அடிப்பூச்சு கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் வண்ணம். ஒரு வீரனுக்கு நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்பத்து நான்கு வீரர்கள் சேர்ந்தது எங்கள் படை. அதைப் பெரிய மேசைமேல் அணிவகுத்து, அளவுநாடாவால் தூரம் அளந்து, பகடை உருட்டி, எதிரில் நிற்பவருடைய படையோடு மோதவிட வேண்டும்.

வயது வந்தவர்கள் செய்யும் வேலையா இது என்று உங்கள் உதவியாளர் முகத்தில் ஒரு கேள்வி தெரிகிறது. என் தங்கையும் அதைத்தான் கேட்பாள். "ரெண்டு பேரும் உக்காந்து பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கிட்டு இருக்கீங்க. இந்த மனுஷன் சட்டையில பட்டன் அறுந்து மூணு வாரம் ஆச்சு" என்பாள். பிறகு அவளே ஊசியை எடுத்துக்கொண்டு வந்து, கணவர் போட்டிருக்கும் சட்டையிலேயே பட்டனைத் தைப்பாள். அவர் அசையாமல் உட்கார்ந்து பூசிக்கொண்டிருப்பார்.

நான் துணிச்சாய ஆலையொன்றில் ஷேடு பார்க்கிறவன். வாடிக்கையாளர் கொடுத்த மாதிரித் துண்டும், ஆலையில் சாயம் ஏறிவந்த துணியும் ஒரே நிறமா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. இருபத்தாறு ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். நான் இல்லை என்றால் ஆயிரம் மீட்டர் துணி திரும்பிப் போகும். மேலாளர் முதல் சாயத்தொட்டிக்காரர் வரை எவரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. என் தங்கையின் கணவர் பயணிகள் ரயில் ஓட்டுநர். அவருடைய வேலையிலும் நிறம்தான் எல்லாம். ஆனால் அவருக்கு மூன்று நிறங்கள் போதும்.

படை எங்கள் இருவருக்கும் பொது. கடலிலிருந்து எழுந்து வரும் வேதாளங்கள். இடப்பக்க அணிக்குச் சிவப்பு மேலங்கி, வலப்பக்க அணிக்குப் பச்சை மேலங்கி. இரண்டு அணிகளுக்கும் ஆற்றல் வேறு என்பதால், எது எந்த அணி என்று எதிராளி தூரத்திலிருந்தே அறியும்படி நிறம் பிசகாமல் இருக்க வேண்டும். மேலங்கிகளை அவர் பூசுவார். முகம், கண், விரல் நகம் முதலியவற்றை நான் பூசுவேன். அவருக்கு இடக்கைப் பழக்கம். தடித்த பூச்சாக ஒரே வீச்சில் பூசி முடிப்பார். அங்கியின் கீழ்விளிம்பில் வண்ணம் வழிந்து ஒரு மணிபோல் நிற்கும். இரண்டு மெல்லிய பூச்சு ஒரு தடித்த பூச்சைவிட மேல் என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். "சண்டைக்குப் போறவனுக்கு எதுக்கு மச்சான் இஸ்திரி போட்ட துணி" என்பார்.

இனி என் தங்கையைப் பற்றி.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். காலையிலிருந்தே தலைவலி என்று அவள் உள்ளறையில் படுத்திருந்தாள். அவர்கள் வீட்டுக் கூடத்து மேசையில் பத்துப் பச்சை மேலங்கிகளுக்கு வாஷ் விடும் வேலை நடந்துகொண்டிருந்தது. வாஷ் என்பது மிகவும் நீர்த்த கருஞ்சாயம். மேலே விட்டால் துணி மடிப்புகளுக்குள் தானே ஓடி நிழலாகத் தங்கிவிடும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. காய்வதற்குள், தேங்கிய இடத்திலிருந்து அதை இழுத்துவிட வேண்டும். பாதியில் எழுந்து போனால் வளையம் வளையமாகக் கறை நின்றுவிடும். பிறகு அடிப்பூச்சிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஆகவே வாஷ் விட்டவர் எழுவதில்லை. இந்த வேலை செய்கிறவர்களுக்குள் அது எழுதாத சட்டம்.

உள்ளறையிலிருந்து அவள் அழைத்தாள். "என்னங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்." உரக்க அழைக்கவில்லை. அவள் எப்போதுமே உரக்கப் பேசுகிறவள் அல்லள். "ஒரு நிமிஷம்மா" என்று பதில் போனது. சற்றுப் பொறுத்து இன்னொரு முறை அழைத்தாள். மூன்றாம் முறை அழைக்கவில்லை. பத்து மேலங்கிகளும் முடிய ஏறத்தாழ இருபது நிமிடம் ஆனது. மூளையில் இரத்தக்கசிவு என்று மருத்துவர் சொன்னார். இருபது நிமிடம் முன்னதாகக் கொண்டுவந்திருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கலாம் என்றும் சொன்னார். 'ஒருவேளை' என்பதை அவர் அழுத்தித்தான் சொன்னார். நான் அந்தச் சொல்லை விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துக்கொண்டேன்.

மருத்துவமனை நடைக்கூடத்தில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு நிமிஷம்னு சொன்னேன் மச்சான். ஒரு நிமிஷம்னுதானே சொன்னேன்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார், வேறெதுவும் சொல்லவில்லை. நான் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். அவர் குடிக்கும்வரை நின்றேன். அவர் அவளிடம் கேட்ட அந்த ஒரு நிமிடத்தை அவரிடமிருந்து திரும்பப் பெற வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். எவ்வாறு என்பது மட்டும் தெரியாமல் இருந்தது. நான் அவசரப்படுகிறவன் அல்லன்.

எட்டு மாதங்கள் கழித்து, பாதியில் நின்ற படையை முடிக்கலாம் என்று அவரை என் வீட்டுக்கு அழைத்தேன். அந்த மேசையில் இனித் தம்மால் உட்கார முடியாது என்று அவர் சொல்லியிருந்தார்; ஆகவே என் மேசை. ஞாயிறுதோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் வருவார், விளக்கு வைக்குமுன் போய்விடுவார். பூசியவை என் அலமாரியில் காய்ந்துகொண்டிருக்கும். அவருடைய அக்கா என்னைத் தெருவில் பார்த்து நிறுத்தி, கூடப் பிறந்தவன்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டான் என்று சொல்லிக் கண்கலங்கினார். நான் அப்படியொன்றும் இல்லை என்றேன். அதுவும் உண்மையே.

வழியை அவரே காட்டினார். கடையில் வரும் வண்ணக் குப்பிகள் பல உயரம், பல மூடி. எனக்கு அது ஒவ்வாது. முப்பத்திரண்டு வண்ணங்களையும் ஒரே அளவுக் குப்பிகளுக்கு மாற்றி, மூடியில் எண் மட்டும் எழுதி வைத்திருந்தேன். பதினான்கு பச்சை. பதினைந்து பழுப்பு, மழைக்காலச் சேற்றின் நிறம். ஒரு ஞாயிறன்று அவர் ஏதோ பேசிக்கொண்டே பதினைந்தைத் திறந்து, ஒரு வேதாளத்தின் தோளில் இரண்டு கோடு இழுத்துவிட்டார். அவரே பார்த்துக்கொண்டு சிரித்தார். "சிக்னலை இந்த லட்சணத்துல பார்த்தேன்னா அவ்வளவுதான் மச்சான்" என்றார். நானும் சிரித்தேன். ஏழு மாதங்களில் அவர் உண்மையாகச் செய்த நிறப்பிழை அது ஒன்றுதான். மற்றவை அனைத்தும் என்னுடையவை.

முதலில் அவர் கையைக் கற்றுக்கொண்டேன். மூன்று வாரம், ஆலையிலிருந்து வந்ததும், உடைந்த உருவங்களின்மேல் இடக்கையால் பூசிப் பழகினேன். அவருடைய வீச்சு வலமிருந்து இடமாகக் கீழே சரியும். தொடங்கும் இடத்தில் அழுத்தம், முடியும் இடத்தில் ஒரு சிறு தூக்கல். பட்டன் தைக்கக்கூட எனக்கு இடக்கை உதவியதில்லை. ஆனால் பொறுமை இருந்தால் கை கேட்கும். நான்காம் வாரம், அவர் பச்சை பூசி வைத்துவிட்டுப் போன ஆறு மேலங்கிகளில் இரண்டின்மேல் பதினைந்தாம் எண் பழுப்பைப் பூசினேன். கீழ்விளிம்பில் அந்த மணியையும் நிற்க வைத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது அவரே பூசியதுபோல் இருந்தது. ஷேடு பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், தேறியது.

அடுத்த ஞாயிறு ஆறையும் மேசையில் அவர் முன் வரிசையாக வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அவர் முதலில் கவனிக்கவில்லை. பிறகு ஒன்றை எடுத்தார், பிறகு மற்றொன்றை. எழுந்து ஜன்னலருகே கொண்டுபோனார்.

"மச்சான், இது என்ன கலரு?"

ஆலையில் துணியைப் பார்ப்பதுபோல் வாங்கி, திருப்பி, சாய்த்துப் பார்த்தேன். "பழுப்பு" என்றேன்.

"போன வாரம் பச்சையாத்தானே இருந்துச்சு? நான் பூசும்போது பச்சையாத்தான் தெரிஞ்சுது."

நான் பதினான்காம் குப்பியை எடுத்து, குலுக்கி, அவர் முன் திறந்து வைத்தேன். "விடுங்க மாப்பிள்ளை. சரி பண்ணிடலாம்" என்றேன். இரண்டின்மேலும் அவரே மறுபடி பச்சை பூசினார். ஒவ்வொரு தொடுகைக்கும் முன்னால் குப்பியின் மூடியைப் பார்த்துக்கொண்டார்.

அந்த ஏழு மாதங்களில் நான் அவரிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. பழுப்பைப் பழுப்பு என்றேன். சிவப்பைச் சிவப்பு என்றேன். எப்படி ஆனது என்று அவர் என்னிடம் ஒருமுறையாவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பது எனக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை. மனிதர்கள் தங்கள் கண்ணைச் சந்தேகிப்பார்களே தவிர, உபசரிக்கிறவர் வீட்டு அலமாரியைச் சந்தேகிப்பதில்லை.

வாரம் தவறாமல் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு வாரம் மூன்று, பிறகு இரண்டு வாரம் ஒன்றுமில்லை, பிறகு ஒன்று. ஒழுங்காக வரும் குறையை எவரும் ஆராய்வார்கள். ஒழுங்கின்றி வருவதைத் தம்மேல் போட்டுக்கொள்வார்கள். சிவப்பு அணியிலும் சிலவற்றைப் பழுப்பாக்கினேன். பச்சையும் சிவப்பும் ஒரே சேற்றில் போய் முடிவது எதன் அறிகுறி என்று அவருக்குத் தெரியும். வேலையில் சேர்ந்த அன்றே அவர்களுக்கு அதைச் சொல்லிவிடுகிறார்கள்.

நாங்கள் விளையாடப் போவது ஒரு எழுதுபொருள் கடையின் பின்னறைக்கு. கடைக்காரரை எல்லாரும் தளபதி என்று அழைப்பார்கள். பகடையில் அவர் வென்று நான் பார்த்ததில்லை. ஐந்தாம் மாதம் அங்கே ஒரு ஆட்டம் வைத்திருந்தார்கள். படையைப் பெட்டியில் அடுக்கிக் கொண்டுபோனது நான். மேசையில் இறக்கியபோது பச்சை அணியில் மூன்று பேர் பழுப்பாக நின்றார்கள். எதிராளி விதியைச் சொல்லி ஆட்சேபித்தார். தளபதி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"என்ன டிரைவர் சார், உங்க ஆளுங்க மூணு பேரு சேத்துல உருண்டுட்டுக் குளிக்காம நேரா சண்டைக்கு வந்துட்டாங்க போல."

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். அவர் அந்த மூவரையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மூன்று பேர் குறைவாகவே ஆடினோம், தோற்றோம். திரும்பும்போது பேருந்து நிறுத்தம்வரை நடந்தோம். அங்கே நின்று, "நேத்து வண்டியில நூத்திப் பதினோரு சிக்னல் தாண்டினேன் மச்சான்" என்றார். எனக்கு அந்த எண் இன்னும் நினைவிருக்கிறது. அவர் அவற்றை எண்ணத் தொடங்கிவிட்டார் என்று அப்போதுதான் அறிந்தேன்.

அவர் ரயில்வே மருத்துவரிடம் போனார். புள்ளிகள் நிறைந்த புத்தகத்தைக் காட்டி எண்களைப் படிக்கச் சொல்லியிருக்கிறார். இவர் எல்லாவற்றையும் படித்துவிட்டார். கண் முழுக்கச் சரி என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். அந்தக் காகிதத்தை என் மேசையில் விரித்து வைத்து என் முகத்தைப் பார்த்தார். அந்த நேரத்தில் நான் தலையசைத்திருந்தால் அவர் எழுந்து வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். இந்த வாக்குமூலத்தில் எங்காவது அடிக்கோடு இட விரும்பினால், இந்த இடத்தில் இடுங்கள்.

"டாக்டர் அஞ்சு நிமிஷம் பார்த்தாரு" என்றேன். "நாம அஞ்சு மாசமாப் பார்த்துக்கிட்டு இருக்கோம்."

அவர் காகிதத்தை மடித்தார். ஆலையில் ஏதாவது சோதனை இருக்கிறதா, அதைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். கொண்டுவந்தேன். ஷேடு பார்க்கும் வேலைக்கு வருகிறவர்களுக்கு நாங்கள் வைக்கும் அட்டைகள்; அருகருகான நிறங்களை வரிசைப்படுத்த வேண்டும். அட்டைகள் அசல், நான் அவற்றில் கை வைக்கவில்லை. எண்பது அட்டைகளில் பதினாறை அவர் இடம் மாற்றி வைத்தார். நல்ல கண்ணுள்ளவர்கள் பத்துப் பேரில் நால்வர் அதைவிட மோசமாக வைப்பார்கள். அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவருக்குப் பின்னால் எத்தனை பயணிகள் உட்கார்ந்திருந்தார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். ஒரு வண்டியில் ஏறத்தாழ எண்ணூறு பேர். அதை நான் எண்ணிப் பார்க்காமல் இல்லை. அந்த ஏழு மாதமும் நான் பேருந்தில்தான் போய்வந்தேன்.

என் தங்கை மகள் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்கிறாள். திசுத் துணுக்குகளை மெல்லியதாகச் சீவிக் கண்ணாடியில் ஏற்றுவது அவள் வேலை. ஒருநாள் மாலை வந்தாள். அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை, தட்டில் இருப்பதை ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வருகிறார் என்றாள். காய்கறிக் கடையில் தக்காளியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். கடைக்காரர், "சார், அது தக்காளி. எவ்வளவு குறுக்கு விசாரணை பண்ணினாலும் வாயைத் திறக்காது" என்றாராம். அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "லீவு போடச் சொல்லுங்க மாமா. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு" என்றாள்.

சொல்கிறேன் என்றேன், சொன்னேன். விடுப்பு எடுக்கலாம் என்றேன். ஆனால் காரணம் எழுத வேண்டியிருக்கும், அந்தக் காரணத்தை எழுதியவரை மறுபடி இன்ஜினில் ஏற்றமாட்டார்கள் என்பதையும் சொன்னேன். இரண்டும் உண்மை. மனைவி போன பிறகு அவருக்கு மிஞ்சியிருந்தது அந்த இன்ஜின் ஒன்றுதான். அவர் விடுப்பு எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்குப் பயன் இல்லை. அவர் தம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து சந்தேகப்படுவதல்ல நான் விரும்பியது. சந்தேகம் வரும் இடத்தில் அவர் நிற்க வேண்டும், நேரம் கேட்க வேண்டும், அது கிடைக்கக் கூடாது.

அன்று நடந்ததை உதவி ஓட்டுநர் துறை விசாரணையில் சொன்னார். நான் குடும்பத்தார் இருக்கையில் அமர்ந்து கேட்டேன். பிற்பகல், இலேசான தூறல். ஒரு நிலையத்துக்கு வெளியே சிக்னல் பச்சையாக இருந்திருக்கிறது. இவர் வண்டியை நிறுத்திவிட்டார். பச்சைதானா என்று மூன்று முறை கேட்டாராம். பச்சைதான் சார், போகலாம் என்று மூன்று முறையும் அவர் சொல்லியிருக்கிறார். "ஒரு நிமிஷம்ப்பா, கிட்டப் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு இவர் இறங்கினார். சிக்னல் கம்பம் அடுத்த தண்டவாளத்துக்கு அப்பால் இருந்தது. அண்ணாந்து விளக்கையே பார்த்துக்கொண்டு நடந்தார் என்று உதவி ஓட்டுநர் சொன்னார். அந்தத் தண்டவாளத்தில் வந்த வண்டி ஊதியிருக்கிறது. விளக்கிலிருந்து கண்ணை எடுக்க அவருக்குத் துணிவு வரவில்லை போலும்.

அந்த இரண்டாவது வண்டி என் திட்டத்தில் இல்லை. அதை என் பெயரில் எழுத வேண்டாம். ஆனால் 'ஒரு நிமிஷம்' என்ற சொற்களை அந்த அறையில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னபோது எனக்கு நிறைவாக இருந்தது. அதை எழுதிக்கொள்ளுங்கள். பெற வேண்டியதைப் பெற்றுவிட்டேன் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த என் தங்கை மகள் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அவள் படையைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போனாள். அப்பாவின் கை பட்டது என்று. அடுக்கும்போது ஒரு வேதாளம் தரையில் விழுந்து, அங்கியின் ஓரத்தில் வண்ணம் பெயர்ந்துவிட்டது. வேறொருத்தியாக இருந்தால் ஒட்டவைத்திருப்பாள். இவள் பெயர்ந்த சில்லை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், குறுக்காகச் சீவி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருக்கிறாள். சென்ற வியாழன் மாலை என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. உருவத்தை என் மேசையில் வைத்தாள்.

"அடியில பச்சை. நடுவில பழுப்பு. மேல மறுபடியும் பச்சை" என்றாள். "அடியில இருக்கறது அப்பா பூசினது மாமா. ஒரே பூச்சு, தடியா இருக்கு. மேல இருக்கறதும் அப்படித்தான். நடுவில இருக்கற பழுப்பு மட்டும் ரெண்டு பூச்சு. காகிதம் மாதிரி மெல்லிசு. அப்பாவுக்கு அப்படிப் பூச வராது. அப்பா கிண்டல் பண்ணுவாரே, மச்சான் வேதாளத்துக்கே இஸ்திரி போடுவாருன்னு."

என் பிழை அதுதான். வீச்சின் சரிவைக் கற்றேன், முடிவின் தூக்கலைக் கற்றேன், விளிம்பில் மணியைக்கூட நிறுத்தினேன். ஆனால் ஒரே தடித்த பூச்சாக அப்பிவிட்டு எழ என் கை இணங்கவில்லை. முதல் பூச்சு காயும்வரை காத்திருந்து இரண்டாவதைப் பூசினேன், முப்பத்தொரு முறையும். மேலே இன்னொரு பூச்சு வந்து மூடிவிடும், எவர் கண்ணிலும் படப்போவதில்லை என்று தெரிந்தும் அப்படித்தான் செய்தேன். கெடுப்பதைக்கூட என்னால் ஒழுங்கின்றிச் செய்ய முடியவில்லை.

"எத்தனை?" என்று கேட்டாள். முப்பத்தொன்று என்றேன். அவள் அந்த உருவத்தை மறுபடி கையில் எடுத்தாள்.

"அப்போ அப்பா கண்ணு கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை, நானாகவே சொன்னேன். அவளுடைய தாய் அழைத்ததையும், போன பதிலையும், பத்து மேலங்கிகளையும், மருத்துவர் சொன்னதையும், உங்களிடம் சொன்ன அதே வரிசையில் சொன்னேன். முடித்ததும், இதெல்லாம் தனக்குத் தெரியும் என்றாள். அப்பாவே சொல்லியிருக்கிறாராம். சொல்லாமல் ஒருநாளும் தூங்கப் போனதில்லையாம்.

"அப்போ கூட யாரு இருந்தாங்கன்னு ஒருவாட்டி கேட்டேன் மாமா. யாரும் இல்ல, நான் மட்டுந்தான்னு சொன்னாரு."

வாசலில் நின்று, நான் வந்து உங்களிடம் சொல்கிறேனா அல்லது தான் போகட்டுமா என்று கேட்டாள். நானே போகிறேன் என்றேன். அவளுக்கு அலைச்சல் வேண்டாம்.

அவளிடம் அன்று நான் அதற்குமேல் எதையும் சேர்க்கவில்லை. ஆனால் இது வாக்குமூலம். விடுபட்ட வரியோடு கையெழுத்திடுவது எனக்குப் பழக்கமில்லை. ஆகவே முழுமை கருதிச் சேர்க்கிறேன். மேலே சொன்னவற்றில் எதையும் திருத்த வேண்டியதில்லை.

அன்று அந்த மேசையில் நானும் இருந்தேன். பத்து மேலங்கிகளில் ஐந்து அவருடையவை, ஐந்து என்னுடையவை. அவள் முதல் முறை அழைத்ததும் அவர் எழுந்தார். "காய்ஞ்சிடும் மாப்பிள்ளை, உக்காருங்க. அவளுக்கு எப்பவும் வர்ற தலைவலிதான்" என்றேன். அவர் உட்கார்ந்து, ஒரு நிமிஷம் என்று குரல் கொடுத்தார். அவள் இரண்டாம் முறை அழைத்தபோது என்னைப் பார்த்தார். எனக்கு இன்னும் மூன்று பாக்கி இருந்தன; நான் தலை நிமிரவில்லை. இதை அவர் எவரிடமும் சொல்லவில்லை, தம் மகளிடம்கூட. குற்றம் தம்முடையது என்பதை அவரே ஒப்புக்கொண்டதாகத்தான் அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

உட்காரச் சொன்னது நான், உட்கார்ந்தவர் அவர். இந்த வேறுபாட்டை நீங்கள் சரியாகப் பதிவு செய்ய வேண்டும். மேலும், அவள் இரண்டு முறையும் 'என்னங்க' என்றுதான் அழைத்தாள். 'அண்ணா' என்று ஒரு முறை அழைத்திருந்தால் நான் எழுந்து போயிருப்பேன்.